சும்மா விட முடியாத வழக்கு

வேத பகுதி: ரோமர் 3:23-26, மாற்கு 15:6-15



சென்ற வருஷம் பெரிய வெள்ளிக்கு முந்தின வாரம், ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு விசுவாசியின் வீட்டில் ஜெபக் கூட்டம். பவானியில் தண்ணீர் இறங்கிப் பாறை தெரிகிற காலம். வாசலில் பாய் விரித்து இருபது பேர் உட்கார்ந்திருந்தோம். நான் வழக்கம்போல சிலுவையைப் பற்றிப் பேசி முடித்து, "யாருக்காவது கேள்வி உண்டா?" என்றேன். இந்தக் கேள்வியை நாங்கள் ஊழியக்காரர்கள் எல்லாரும் கேட்போம். பதில் வராது என்கிற தைரியத்தில்தான் கேட்போம். அதற்குள் காப்பி வந்துவிடும்.

அன்றைக்கு ஓரத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்த ஒரு வயதான சகோதரி கையைத் தூக்கினார்கள்.

"ஏனுங் பாஸ்டரய்யா, ஒண்ணு கேட்டா தப்பா நெனைக்க மாட்டீங்களே? எம்பேரன் ஒரு டம்ளர ஒடச்சுப்போட்டா, போனாப் போகுது உடு சாமின்னு நான் உட்டர்றனுங்க. அதுக்காவ பக்கத்து வூட்டுப் பையனப் புடிச்சு அடிக்கிறதில்லீங்களே. ஆண்டவரு நெனச்சா நம்ம பாவத்தச் சும்மா மன்னிச்சு உட்டிருக்கலாமில்லீங்களா? எதுக்குங்க அவரு மகன் சாகோணும்?"

வேதப் பள்ளியில் படித்த பதில் என்னிடம் இருந்தது. தேவன் பரிசுத்தர், பாவத்தைப் பாராத கண்களை உடையவர், இரத்தம் சிந்தாமல் பாவ மன்னிப்பு இல்லை என்று நிருபத்தைக் காட்டிச் சொன்னேன். சகோதரி "செரிங்க" என்றார்கள். மரியாதைக்காகச் சொன்ன 'செரிங்க' அது. எனக்குத் தெரியும், அவர்களுக்கும் தெரியும். என் நாக்கு மேல்வாயில் ஒட்டிக்கொண்டதற்கு வேறொரு காரணமும் இருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

இரவு வீட்டுக்கு வந்தும் தூக்கம் இல்லை. கேள்வி நியாயமான கேள்வி. சபையில் அநேகர் மனதில் இருந்தும் வாய்விட்டுக் கேட்காத கேள்வி. ஒரு டம்ளர் உடைந்ததைச் சும்மா மன்னிக்கலாம். ஆனால் சும்மா என்று நாம் சொல்கிறபோதுகூட உண்மையில் சும்மாவா? டம்ளருக்குக் காசு கொடுத்தது யார்? அந்தப் பாட்டி. பேரன் கொடுக்க வேண்டியதை அவர்களே ஏற்றுக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

நம் ஜில்லாவில் கடன் தள்ளுபடி என்றால் என்ன என்று யாருக்கும் பாடம் நடத்த வேண்டியதில்லை. மஞ்சள் போட்டவன், கரும்பு போட்டவன், வாழை போட்டவன் எல்லாருக்கும் அது தெரிந்த வார்த்தை. 2021-ம் வருஷம் பிப்ரவரியில் தமிழ்நாடு முழுவதும் கூட்டுறவு வங்கிகளில் இருந்த பயிர்க் கடன் 12,110 கோடி ரூபாய் தள்ளுபடி என்று சட்டசபையில் அறிவித்தார்கள். 16 லட்சத்துக்கும் மேற்பட்ட விவசாயிகள். நம் விசுவாசிகளிலும் அதில் பயன் அடைந்தவர்கள் உண்டு. சங்கத்துக்குப் போய்க் கடனில்லை என்று சீட்டு வாங்கி வந்து, சாட்சி கூட்டத்தில் ஸ்தோத்திரம் சொன்னார்கள். நல்லது. ஆனால் அந்தப் பணம் ஆவியாகிப் போய்விட்டதா? சங்கத்தின் பேரேட்டில் அந்தத் தொகையை அரசாங்கம் தன் கணக்கிலிருந்து ஈடுகட்ட வேண்டும். கடன்பட்டவன் கொடுக்காவிட்டால் கடன் கொடுத்தவன் தாங்க வேண்டும், அல்லது மூன்றாவது ஒருவன் தாங்க வேண்டும். யாருமே தாங்காத தள்ளுபடி பூமியில் இல்லை.

கொலோசெயர் 2:14-ஐத் திறந்து நீங்களே வாசியுங்கள். நமக்கு விரோதமாக எழுதியிருந்த கடன் பத்திரத்தை அவர் சிலுவையிலே ஆணியால் அடித்துவிட்டார் என்று பவுல் அப்போஸ்தலன் எழுதுகிறார். பத்திரத்தைக் கிழித்துக் காற்றில் விட்டார் என்று எழுதவில்லை, பாருங்கள். ஆணி அடித்த இடத்தில் ஒரு சரீரம் இருந்தது.

இது பணக் கடன் விஷயம். ஆனால் பாவம் என்பது பணக் கடன் மாத்திரமா? அங்கேதான் நமக்கு அநேகருக்குக் குழப்பம். பாவத்தினால் இன்னொருவன் அடிபட்டிருக்கிறான். அவனுடைய கண்ணீர் இருக்கிறது. சிலவேளை அவனுடைய இரத்தம் இருக்கிறது. அதை என்ன செய்வது?

இதற்கு நம் மலைமேல் நடந்த ஒரு காரியத்தைச் சொல்லுகிறேன். நாற்பது வயதைத் தாண்டினவர்களுக்கு நன்றாக ஞாபகம் இருக்கும். இளம் பிள்ளைகள் கேட்டுக்கொள்ளுங்கள்.

2000-ம் வருஷம் ஜூலை 30-ந்தேதி இரவு. பண்ணாரி தாண்டி, திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவும் ஏறி, ஆசனூர் வழியாகத் தாளவாடிப் பக்கம் போனால் தொட்டகாஜனூர் என்று ஒரு கிராமம். அன்றைக்கு அது நம் சத்தி தாலுகாவிலேயே இருந்த ஊர். கன்னட நடிகர் ராஜ்குமார் பிறந்த ஊர். பெரிய நடிகரான பின்பும் ஊரை மறக்காமல் புது வீடு கட்டி, அதற்காக வந்திருந்தார். அந்த இரவில் வீரப்பன் தன் ஆட்களோடு வந்து, 71 வயதுக் கிழவரான அவரையும் அவரோடு மூன்று பேரையும் காட்டுக்குள் கூட்டிக்கொண்டு போய்விட்டான். 108 நாள். அந்த 108 நாளும் இங்கே எப்படி இருந்தது என்று உங்களுக்குத் தெரியும். பெங்களூரில் வேலை செய்கிற தமிழ்க் குடும்பங்கள் நடுங்கிக்கொண்டிருந்தார்கள். நாங்களும் உபவாசமிருந்து ஜெபித்தோம்.

வீரப்பன் தரப்பில் பல நிபந்தனைகள் வைத்தார்கள். அவற்றில் ஒன்று, மைசூர் சிறையில் தடா சட்டத்தின்கீழ் அடைக்கப்பட்டிருந்தவர்களை விட்டுவிட வேண்டும் என்பது. தடா என்றால் அந்நாளைய கடுமையான சட்டம். ஜாமீன் கிடைப்பதே அபூர்வம். கர்நாடக அரசாங்கம் என்ன செய்யும்? ஒரு பக்கம் ஜனங்கள் கொந்தளிக்கிறார்கள். கிழவருக்கு ஏதாவது ஆனால் தெருவெல்லாம் இரத்தம் ஓடும் என்ற பயம். ஆகவே அரசு வழக்கறிஞர் மூலமாக, தடாக் குற்றச்சாட்டுகளை வாபஸ் வாங்குகிறோம் என்று மனுப் போட்டார்கள். மைசூரில் இருந்த தனி நீதிமன்றமும் சம்மதித்துவிட்டது. காரியம் முடிந்தது என்றே எல்லாரும் நினைத்தார்கள்.

முடியவில்லை. ஒரு தகப்பன் எழுந்து நின்றார்.

அவர் பெயர் அப்துல் கரீம். அவருடைய மகன் ஷகீல் அகமது போலீஸ் சப்-இன்ஸ்பெக்டர். 1992-ம் வருஷம் ஆகஸ்ட் 14-ந்தேதி, மீண்யம் அருகே காட்டுப் பாதையில் வீரப்பன் கூட்டத்தார் மறைந்திருந்து சுட்டதில், எஸ்.பி. ஹரிகிருஷ்ணாவோடும் மற்றவர்களோடும் அந்தப் பிள்ளை செத்துப்போனான். எட்டு வருஷம் கழித்து, அந்த வழக்குகளை வாபஸ் வாங்குகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் இந்தத் தகப்பன் டெல்லிக்கு, சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். இவர்களை விட்டுவிடுவதற்கு நீங்கள் யார், என் மகனுடைய இரத்தத்துக்கு என்ன பதில் என்பதுதான் அவர் மனுவின் சாரம் என்று நான் எடுத்துக்கொள்ளுகிறேன். 2000 நவம்பர் 7-ந்தேதி தீர்ப்பு வந்தது. வழக்கை வாபஸ் வாங்க விட்டது செல்லாது. பயத்துக்கும் நெருக்கடிக்கும் பணிந்து ஒரு வழக்கைக் கைவிட முடியாது. அரசு வழக்கறிஞர் தாமாக யோசித்து, பொது நன்மையைப் பார்த்துத்தான் அப்படிக் கேட்க வேண்டும். இங்கே அது நடக்கவில்லை என்று நீதிபதிகள் சொன்னார்கள். இத்தனை வருஷம் அவனைப் பிடிக்காமல் விட்டதற்காக அரசாங்கங்களையும் கண்டித்தார்கள்.

அதற்கு எட்டு நாள் கழித்து, நவம்பர் 15-ந்தேதி ராஜ்குமார் உயிரோடு திரும்பி வந்தார். எப்படி, எதைக் கொடுத்து என்று அந்நாட்களில் டீக்கடையில் ஆயிரம் பேச்சு. அது நமக்கு வேண்டாம்.

தேவ பிள்ளைகளே, அப்துல் கரீம் நம் சபைக்காரர் அல்ல, நம் மார்க்கத்தாரும் அல்ல. ஆனால் அந்தத் தகப்பனுடைய குரலை நான் வேதத்தில் கேட்கிறேன். ஆதியாகமம் நாலாம் அதிகாரத்தில், ஆபேலின் இரத்தம் மண்ணிலிருந்து கூப்பிடுகிறது என்று கர்த்தர் காயீனிடம் சொல்லுகிறார். சாட்சி சொல்ல ஒருவரும் இல்லாத வயல்வெளி. இரத்தமே சாட்சி. தேவன் அதைக் கேளாதவர்போல் இருந்து, போனால் போகிறது காயீனே என்று சொல்லியிருந்தால், ஆபேலுக்கு யார்? செத்தவனுக்கு யார்? அப்படி ஒரு தேவனை நீங்கள் நல்லவர் என்று சொல்வீர்களா? நான் சொல்ல மாட்டேன்.

யாத்திராகமம் 34-ல் கர்த்தர் மோசேக்கு முன்பாகத் தம்முடைய நாமத்தைக் கூறும்போது இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லுகிறார். நான் இரக்கமுள்ளவர், மன்னிக்கிறவர். ஆனாலும் குற்றவாளியைக் குற்றமில்லாதவன் என்று விட்டுவிடுகிறவர் அல்ல என்கிறார். நாம் பிரசங்கிக்கும்போது முதல் பாதியில் நிறுத்திவிடுகிறோம். நானும் நிறுத்தியிருக்கிறேன். இரண்டாம் பாதியைச் சொன்னால் காணிக்கை குறையும் என்று பயப்படுகிற ஊழியக்காரரும் உண்டு. அதை விடுங்கள்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்த மைசூர் சிறையில் இருந்த எல்லாரும் கொலைகாரர்கள் அல்ல. காட்டோரத்துக் கிராமங்களில் இருந்து பிடித்துக்கொண்டு போன ஏழை ஜனங்கள் அநேகர். 2001-ம் வருஷம் வழக்கு முடிந்து தீர்ப்பு வந்தபோது, அவர்களில் பெரும்பாலானவர்கள் குற்றமற்றவர்கள் என்று விடுதலையானார்கள். பல வருஷம் உள்ளே கிடந்து, குடும்பம் சிதறின பின்பு. அதுவும் ஒரு பாவம். அதற்கும் கணக்கு உண்டு. ஆனால் கவனியுங்கள். வழக்கை வாபஸ் வாங்கி அனுப்பியிருந்தால் அவர்கள் வெளியே வந்திருப்பார்கள். ஆனால் 'இவர்கள் குற்றமற்றவர்கள்' என்ற வார்த்தை வந்திருக்காது. கடத்தல்காரன் கேட்டதால் விட்டார்கள் என்ற பேர்தான் காலமெல்லாம் ஒட்டிக்கொண்டிருக்கும். தீர்ப்பு வந்தபடியினால்தான் அவர்கள் பேர் சுத்தமானது.

ரோமர் மூன்றாம் அதிகாரத்தில் பவுல் சொல்லுகிற நீதிமானாக்கப்படுதல் இதுதான். தேவன் நம் வழக்கை வாபஸ் வாங்கவில்லை. விசாரணை நடந்தது. குற்றம் நிரூபணமானது. தண்டனை நிறைவேறினது. அதன் பின்புதான் தீர்ப்பு. அதனால்தான் பிசாசானவன் பழைய காகிதத்தை எடுத்துக்கொண்டு வந்து இந்த வழக்கு இன்னும் நிலுவையில் இருக்கிறது என்று சொல்ல முடியாது. அல்லேலூயா! அவர் நீதியுள்ளவராகவும் இருக்க வேண்டும், பாவியை நீதிமானாக்குகிறவராகவும் இருக்க வேண்டும். 26-ம் வசனம். இந்த இரண்டும் சேருகிற இடம் பூமியில் ஒன்றே ஒன்றுதான். அது எருசலேமுக்கு வெளியே ஒரு மேடு.

இப்போது மாற்கு 15-க்கு வாருங்கள். பரபாஸ். யோவான் அவனைக் கள்ளன் என்கிறார். மாற்கு அவன் கலகத்தில் கொலை செய்த கூட்டத்தோடு பிடிபட்டவன் என்கிறார். காட்டுக்கும் மலைக்கும் ஓடித்திரிந்த ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள், நம் ஊர்க்காரருக்குச் சட்டென்று புரியும். பிலாத்து ஏன் அவனை விட்டான்? இரக்கத்தினாலா? இல்லை. ஜனங்கள் கலகம் பண்ணுவார்கள் என்ற பயத்தினால். மத்தேயு 27:24-ஐப் பாருங்கள். அரசாங்கம் நெருக்கடிக்குப் பணிந்து ஒரு கொலைகாரனை விட்ட கதை மைசூரில் ஆரம்பித்தது அல்ல.

பரபாஸ் வெளியே வந்தான். அவனுக்கு விடுதலை கிடைத்தது. மன்னிப்புக் கிடைத்ததா? அவன் கொன்றவனுடைய வீட்டில் அன்று இரவு என்ன பேசியிருப்பார்கள்? அவன் மனம் மாறினானா, யாருக்காவது அழுதானா, வேதம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கதவு திறந்தது, போனான். அவ்வளவுதான்.

அதே நாளில் இன்னொரு கள்ளன் இருந்தான். அவனுக்கு விடுதலை கிடைக்கவில்லை. சிலுவையில் தொங்கினான், கடைசியில் கால் முறிக்கப்பட்டுச் செத்தான். ஆனால் அவன் தன் கூட்டாளியைப் பார்த்து, நாம் செய்ததற்குத் தகுந்ததைத்தான் அனுபவிக்கிறோம், இவரோ ஒரு தப்பும் செய்யவில்லை என்ற கருத்தில் பேசுகிறான் (லூக்கா 23:41). தன் வழக்கில் தீர்ப்பு சரி என்று ஒப்புக்கொண்ட முதல் கள்ளன். அன்றைக்கே பரதீசுக்குள் போனான். பரபாஸுக்குக் கதவு திறந்தது, இவனுக்குப் பரலோகம் திறந்தது. எத்தனை பேர் இன்றைக்குப் பரபாஸ் மாதிரி சபைக்குள் வருகிறோம்! வியாதி நீங்க வேண்டும், கடன் நீங்க வேண்டும், கோர்ட்டு கேஸ் நீங்க வேண்டும். கதவு திறந்தால் போதும், போய்விடுகிறோம். நடுச் சிலுவையில் தொங்கினவரைத் திரும்பிப் பார்க்கிறதில்லை.

நடுச் சிலுவையைத் தகப்பன் பக்கத்திலிருந்து பாருங்கள். டெல்லிக்குப் போன அந்தத் தகப்பன் மகனுடைய இரத்தத்துக்கு நியாயம் கேட்டார். கேட்க அவருக்கு உரிமை இருந்தது. பிதாவாகிய தேவனும் தம் குமாரனுடைய இரத்தத்துக்கு நியாயம் கேட்டால், பிலாத்து முதல் நான் வரைக்கும் ஒருவரும் மிஞ்ச மாட்டோம். அவரோ நியாயத்தையும் தள்ளவில்லை, நம்மையும் தள்ளவில்லை. நியாயாதிபதி மேடையிலிருந்து இறங்கி வந்து கூண்டில் நின்றுகொண்டார். பிதா யாரோ ஒரு மூன்றாம் மனுஷனைப் பிடித்து அடித்தார் என்று நினைக்காதேயுங்கள். குமாரன் இழுத்துக்கொண்டு வரப்பட்டவர் அல்ல. தம் ஜீவனைத் தாமே கொடுப்பதாகச் சொன்னவர் (யோவான் 10:18). பக்கத்து வீட்டுப் பையனை அடித்த கதை அல்ல, அந்தப் பாட்டி டம்ளருக்குத் தன் கைக்காசைப் போட்ட கதைதான் இது. கைக்காசுக்குப் பதிலாகத் தம் ஜீவன்.

சிலர் கேட்பார்கள்: மீட்கும் பொருள் என்று இயேசு தாமே சொன்னாரே (மாற்கு 10:45), அப்படியானால் பிசாசுக்குக் கொடுத்தாரா என்று. இல்லை. கடத்துகிறவனுக்குப் பணிந்தால் அவன் திரும்ப வருவான். நம் மலையிலேயே பார்த்தோம். 2002 ஆகஸ்டில் வீரப்பன் கொள்ளேகால் பக்கத்தில் முன்னாள் மந்திரி நாகப்பாவைக் கொண்டுபோனான். டிசம்பரில் காட்டில் அவருடைய சடலம்தான் கிடைத்தது. 2004 அக்டோபர் 18-ந்தேதி பாப்பாரப்பட்டி அருகே வீரப்பன் சுடப்பட்ட பிறகுதான் மலை ஓய்ந்தது. பிசாசோடு தேவன் பேரம் பேசவில்லை. கடன் அவனிடத்தில் இல்லை. கடன் நியாயப்பிரமாணத்தினிடத்தில் இருந்தது; அது தீர்ந்தபோது அவன் கையில் பிடிக்க ஒன்றும் இல்லாமல் போயிற்று.

இனி, நான் பிறகு சொல்கிறேன் என்ற காரியம். இதை அச்சில் போடலாமா என்று என் மனைவியிடம் கேட்டேன். "போடுங்க, இல்லாட்டி இந்த மாசம் பத்திரிகையே வேண்டாம்" என்றாள்.

நான் இரட்சிக்கப்படுவதற்கு முன், ஏறக்குறைய நாற்பது வருஷத்துக்கு முன், ஒரு பூ மண்டியில் எடை போட்டுக் கணக்கு எழுதுகிற வேலை. விடியற்காலையில் மல்லி வந்து குவியும். கொண்டுவருகிறவர்கள் அரை ஏக்கர், கால் ஏக்கர் குத்தகைக்காரர்கள். முக்கால்வாசிப் பேருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பனி ஈரத்துக்குக் கழிவு என்று சொல்லி எடையில் கொஞ்சம் குறைப்பது உண்டு. நான் அதற்குமேல் கிலோவுக்கு ஐம்பது கிராம் குறைத்து எழுதி, அந்தப் பூவின் காசைத் தனியாக எடுத்துக்கொள்வேன். முதலாளிக்கும் தெரியாது. மூன்று சீசன் இப்படி. இரட்சிக்கப்பட்டபோது ஆண்டவரிடத்தில் அழுது அறிக்கை செய்தேன். சமாதானம் வந்தது. ஞானஸ்நானம் எடுத்தேன், ஊழியத்துக்கு வந்தேன். கள்ளத்தராசைப் பற்றி நீதிமொழிகளில் இருந்து இரண்டு தரம் பிரசங்கமும் பண்ணியிருக்கிறேன்!

அந்த ஐம்பது கிராம் யாருடைய பூ என்று கேட்கிறீர்களா? பலருடையது. அவர்களில் ஒருவர்தான், அன்றைக்குச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, சும்மா மன்னித்திருக்கலாமே என்று கேட்ட சகோதரி. பதினைந்து வருஷமாக என் சபையில் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஞாபகம் இருக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். நானும் கர்நாடக அரசாங்கம் மாதிரிதான். வழக்கை நானே வாபஸ் வாங்கிக்கொண்டேன். பூ கொண்டுவந்தவர்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பெரிய வெள்ளி முடிந்து அடுத்த செவ்வாய்க்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போனேன். சகேயு நாலத்தனையாகக் கொடுக்கிறேன் என்றான் அல்லவா. நானும் எனக்குத் தெரிந்த மட்டும் கணக்குப் போட்டு ஒரு கவரில் பணம் வைத்து எடுத்துக்கொண்டேன். வாசலில் கயிற்றுக் கட்டிலில் உட்கார வைத்தார்கள். சொன்னேன். பாதியில் தொண்டை அடைத்தது.

சகோதரி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "எனக்குத் தெரியுமுங்க பாஸ்டரய்யா" என்றார்கள்.

"தெரியுமா?"

"அப்பவே தெரியுமுங்க. ஊட்டுல எடை பாத்துட்டுத்தானே கொண்டாருவம். யாருகிட்டப் போயிச் சொல்றது? ஒங்க நோட்டுல எழுதுனதுதான் எடை."

கவரை நீட்டினேன். வாங்கவில்லை. கொஞ்ச நேரம் எதுவும் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்கள்: "அந்த வருசம் எம்புள்ள எட்டாவது. பீசு கட்ட முடியாம நிறுத்திப்போட்டனுங்க. நல்லாப் படிக்கிற புள்ள. இன்னிக்கி அவ பனியன் கம்பெனிக்குப் போறா. அத நீங்க எப்பிடிங்க எடை போடுவீங்க?"

தேவ ஜனமே, என்னிடத்தில் பதில் இல்லை. நாலத்தனை அல்ல, நானூறு அத்தனை கொடுத்தாலும் ஒரு பெண்பிள்ளையின் எட்டாம் வகுப்பை நான் திருப்பிக் கொடுக்க முடியாது. ஒருவனும் தன் சகோதரனை மீட்க விலை கொடுத்து முடியாது என்கிற சங்கீதத்தை (49:7, 8) எத்தனையோ முறை வாசித்திருக்கிறேன். அந்தக் கயிற்றுக் கட்டிலில்தான் அதன் அர்த்தம் புரிந்தது. ஒரு வாரத்துக்கு முன் அவர்கள் கேட்ட கேள்விக்கு அவர்களே பதில் சொல்லிவிட்டார்கள். சும்மா விடக்கூடிய காரியம் அல்ல இது. யாராவது தாங்கியே ஆக வேண்டும்.

லேவியராகமம் 16-ல் இரண்டு கடா. ஒன்று வெட்டப்படும். மற்றதன் தலையில் ஆசாரியன் கைகளை வைத்து ஜனங்களுடைய அக்கிரமத்தை எல்லாம் சொல்லி அறிக்கை செய்து, வனாந்தரத்துக்கு ஓட்டிவிடுவார்கள். கடா வெட்டு நமக்குத் தெரியாத வழக்கம் அல்ல. நம்மில் அநேகர் அதிலிருந்து வந்தவர்கள்தான். ஆனால் அந்த இரண்டாவது கடாவைக் கவனியுங்கள். பண்ணாரி செக்போஸ்ட்டைத் தாண்டி, மேலே, மேலே, திரும்பி வர வழி தெரியாத காட்டுக்குள் போய்க்கொண்டே இருக்கிறது என்று நினைத்துப் பாருங்கள். அறிக்கை செய்யாத பாவத்தை அதன் தலையில் வைக்க முடியாது. பெயர் சொல்லி வைக்க வேண்டும். 'ஆண்டவரே, தெரிந்தும் தெரியாமலும் செய்த எல்லாப் பாவங்களையும்' என்று மொத்தமாக மூட்டை கட்டுகிறோமே, அது சுலபம். ஐம்பது கிராம் என்று சொல்வதுதான் கஷ்டம்.

இதை வாசிக்கிற சகோதரனே, சகோதரியே, பங்காளியின் வரப்பை ஒரு முழம் தள்ளி வெட்டினது உண்டா? தங்கையிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு பங்கு கொடுக்காமல் விட்டது உண்டா? ஆண்டவர் மன்னித்துவிட்டார் என்று சொல்லிக்கொண்டு, அவர்களைக் கண்டால் வேறு தெருவில் போகிறது உண்டா? சிலுவையில் அதற்கும் விலை கொடுத்திருக்கிறது. விலை கொடுத்திருக்கிறபடியினால்தான் தைரியமாய்ப் போய்ச் சொல்லலாம். மன்னிப்பு நிச்சயம் இல்லாதவனே ஒளிந்துகொண்டிருக்கிறான். அடிபட்ட பக்கத்தில் இருக்கிறவர்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. உங்களுக்கு நடந்தது ஒன்றுமில்லை என்று நான் சொல்ல மாட்டேன். சிலுவை அப்படிச் சொல்லவில்லை. அது எவ்வளவு கனமானது என்று ஆண்டவர் அங்கே தம் மேனியில் எடை போட்டுக் காண்பித்துவிட்டார்.

அந்த மாதம் முதல் ஞாயிறு இராப்போஜன ஆராதனை. மத்தேயு 5:23, 24 என் கண் முன்னால் நின்றது. அப்பத்தைப் பிட்டுக் கொடுக்க எனக்குக் கை வரவில்லை. மூப்பர் ஒருவரைக் கொடுக்கச் சொல்லிவிட்டுப் பின்வரிசையில் போய் உட்கார்ந்தேன். சபையாருக்குக் காரணம் தெரியாது. அடுத்த மாதமும் அப்படியே. மூன்றாம் மாதம் ஆராதனைக்கு முன், செருப்புக் கழற்றுகிற இடத்தில் சகோதரி என்னைக் கூப்பிட்டார்கள். பக்கத்தில் அவர்கள் மகள் நின்றுகொண்டிருந்தாள். தலை நரைக்க ஆரம்பித்திருந்தது.

"அந்தக் கவரு இருக்குதுங்களா?"

"இருக்குதுங்க அக்கா."

"அத இவகிட்டக் குடுங்க. இவ புள்ளைக்குக் காலேசுக்குக் கட்டோணும்." அப்புறம் என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்கள்: "நான் மறக்கலீங்க. மறக்க முடியலீங்க. ஆனா உட்டுட்டனுங்க. சும்மா உடலீங்க பாஸ்டரய்யா. அவரு முகத்துக்காவ உட்டனுங்க."

மகள் ஒன்றும் பேசவில்லை. கவரை வாங்கி, எண்ணிப் பார்த்து, பைக்குள் வைத்துக்கொண்டாள். அவள் இன்னும் என்னோடு பேசுகிறதில்லை. நான் அவளுக்காக ஜெபித்துக்கொண்டிருக்கிறேன், நீங்களும் ஜெபியுங்கள்.

உள்ளே பாட்டு ஆரம்பித்துவிட்டார்கள். சகோதரி படியேறிக்கொண்டே திரும்பி, "இன்னிக்கி அப்பத்த நீங்களே குடுங்க" என்றார்கள்.